புதுநன்மை, உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளும் ஞாயிறு பூசையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுநன்மை (முதன்முறையாக நற்கருணை, அதாவது ஆண்டவரின் உடலாகிய அப்பத்தை, பெறுவது) வகுப்புக்கோ உறுதிபூசுதல் (திருமுழுக்குப் பெற்றவரின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) வகுப்புக்கோ பிள்ளையின் பெயரைப் பதிய வரும் பெற்றோரிடம் முதலில் சொல்லப்படுவது, "பிள்ளை ஞாயிறுதோறும் பூசைக்கு வர வேண்டும்" என்பதுதான். ஏன் வர வேண்டும், எத்தனை முறை, வர முடியாமல் போனால் என்ன என்பதெல்லாம் பிறகு வகுப்பு வாசலில் நின்றபடி கேட்கப்படுகிறது. மறைக்கல்வி வகுப்பில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். திருச்சபைச் சட்டம் சொல்வது எது, பங்கின் (உங்கள் ஊர்க் கோவில் சமூகத்தின்) ஏற்பாடு எது, என் சொந்தக் கருத்து எது என்று கூடியவரை பிரித்தே சொல்கிறேன். மூன்றும் குழம்பிப்போவதால்தான் பாதி மனத்தாங்கல்கள் வருகின்றன.

புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளை கட்டாயம் ஞாயிறு பூசைக்கு வர வேண்டுமா?

வர வேண்டும். ஆனால் வகுப்பில் சேர்ந்ததால் வந்த கட்டாயம் இல்லை இது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் (ஞாயிறு போலவே பூசைக்கு வர வேண்டிய பெருவிழாக்களிலும்) திருப்பலியில், அதாவது பூசையில், பங்கேற்பது கத்தோலிக்கர் எல்லாருக்கும் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 1247. இத்தகைய திருச்சபைச் சட்டங்கள் யாரைக் கட்டும் என்பதை 11ஆம் சட்டம் சொல்கிறது: திருமுழுக்குப் பெற்று, போதிய பகுத்தறிவும் உள்ள, ஏழு வயது நிறைந்தவர்களை. ஆக, எந்த வகுப்பிலும் பெயர் கொடுக்காத பிள்ளைக்கும் ஏழு வயது முடிந்துவிட்டால் ஞாயிறு கடன் உண்டு.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பூசைக்கு வருவதைப் புதுநன்மைக்காகக் கட்டும் கட்டணமாகப் பல வீடுகளில் நினைக்கிறார்கள். கட்டணம் கட்டி முடிந்ததும் யாரும் மறுபடி கட்டப் போவதில்லை. புதுநன்மைக்கு அடுத்த ஞாயிறே கோவிலில் பிள்ளைகளின் இருக்கைகள் காலியாகிவிடுவது இந்த நினைப்பால்தான். புதுநன்மை பூசைக்குள்ளேதான் நடக்கிறது. பிள்ளையைத் தயாரிப்பதும் வெள்ளை உடை உடுத்தும் ஒரு நாளோடு முடிந்துவிடுவதற்காக இல்லை. அதற்குப் பின் வரும் எல்லா ஞாயிறுகளுக்காகவும்தான்.

ஏழு வயது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் (ஆயர்களின் பொதுக்கூட்டம்), பகுத்தறியும் வயதை அடைந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து (பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு), பாஸ்கா (உயிர்ப்பு விழா) காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று விதித்தது. அந்த வயது எது என்பதில் காலப்போக்கில் குழப்பம் வந்தது. பல இடங்களில் பத்து, பன்னிரண்டு, அதற்கும் மேல் என்று பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். 1910 ஆகஸ்ட் 8 அன்று திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் வந்த 'குவாம் சிங்குலாரி' ஆணை இதை மாற்றியது. பகுத்தறியும் வயது ஏறத்தாழ ஏழு என்றும், மறைபொருள்களைத் தன் வயதுக்கேற்ப அறிந்து, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடிய பிள்ளைக்கு அதைத் தரலாம் என்றும் அது தெளிவுபடுத்தியது. முழுமையான மறையறிவு வேண்டும் என்று சொல்லிப் பிள்ளைகளைத் தடுப்பதை அந்த ஆணை கண்டித்தது.

வகுப்பு எடுக்கும் நாங்களும் மறக்கக் கூடாத வரலாறு இது. பிள்ளைகளை இயேசுவிடம் சீக்கிரம் கொண்டுவருவதற்காகத் திறந்த கதவு, நாம் வைக்கும் நிபந்தனைகளால் மறுபடி சாத்திக்கொள்ளக் கூடாது.

கீழைத் திருச்சபைகளின் மரபு வேறு. அங்கே திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் குழந்தைப் பருவத்திலேயே சேர்த்து வழங்குவது பழைய வழக்கம். இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்களுக்கு.

ஏழு வயது ஆகாத தம்பி தங்கைகளையும் கூட்டிவர வேண்டுமா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனாலும் கூட்டிவாருங்கள். அழுதால் வெளியே தூக்கிப்போய்விட்டுத் திரும்பி வரலாம். யாரும் முறைத்துப் பார்த்தால் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கான திருப்பலிகள் குறித்து 1973இல் உரோமை வெளியிட்ட வழிகாட்டி, பங்கேற்க முடியாத சிறு குழந்தைகளைத் தனி இடத்தில் பங்கு மக்களில் சிலர் பார்த்துக்கொண்டு, முடிவில் ஆசீர்வாதத்துக்கு உள்ளே கூட்டிவரலாம் என்ற யோசனையையும் தருகிறது. உங்கள் பங்கில் அப்படி வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

நன்மை (நற்கருணை) வாங்காத பிள்ளைக்குப் பூசையில் என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. ஞாயிறு கடன் என்பது திருப்பலியில் பங்கேற்பது. நற்கருணை வாங்குவது அதன் நிறைவு. ஆனால் வாங்காதவர்கள் பங்கேற்கவில்லை என்று ஆகாது. பிள்ளையால் சிலுவை அடையாளம் போட முடியும். "உமது ஆன்மாவோடும் இருப்பாராக" என்று பதில் சொல்ல முடியும். பாட முடியும், வாசகம் கேட்க முடியும், மன்றாட்டுகளின்போது நோயில் கிடக்கும் தாத்தாவை நினைத்துக்கொள்ள முடியும். காணிக்கை நேரத்தில் அந்த வாரம் தான் பட்ட கஷ்டத்தையும் சந்தோஷத்தையும் அப்பத்தோடும் இரசத்தோடும் சேர்த்து வைக்கக் கற்றுக்கொடுத்தால், அதைப் பெரியவர்களைவிட நன்றாகவே செய்யும்.

தயாரிப்பு மாதங்களில் நான் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. முன் வரிசைகளில் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகு மட்டும். முன்னால் உட்கார்ந்தால் பீடமும், குருவின் கைகளும், எழுந்தேற்றத்தில் (குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரத்தில்) உயரும் அப்பமும் தெரியும். அந்த நேரத்தில் காதோடு காதாக, "பார், இப்போது இயேசு வந்திருக்கிறார்" என்று சொல்லுங்கள். "என் ஆண்டவரே, என் கடவுளே" என்று மெல்லச் சொல்லப் பழக்குங்கள். வகுப்பில் அந்தப் பகுதியை நான் எவ்வளவு விளக்கினாலும், தாயோ தகப்பனோ பக்கத்தில் மண்டியிட்டுச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

நன்மை நேரத்தில் சில பங்குகளில் பிள்ளைகள் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் வந்து ஆசீர் பெறுவார்கள். சில பங்குகளில் அந்த வழக்கம் இல்லை. பிள்ளை இருக்கையிலேயே இருக்கும். உங்கள் பங்கில் எப்படியோ அப்படிச் செய்யுங்கள். எப்படியானாலும், "எனக்கு எப்போது?" என்று பிள்ளை கேட்கும் ஏக்கம் நல்லது. அந்தக் கேள்வி வராத பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மறைக்கல்வி வகுப்புக்கு ஒழுங்காக வருகிறான். அது போதாதா?

போதாது. வகுப்பு பூசைக்கு ஈடாகாது.

எம்மாவு வழியில் நடந்ததை லூக்கா 24ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். உயிர்த்த இயேசுவே கூட நடந்து மறைநூலை விளக்கினார். அதைவிடச் சிறந்த மறைக்கல்வி வகுப்பு ஏது? கேட்டவர்களின் உள்ளம் பற்றி எரிந்தது. ஆனாலும் அவரை அவர்கள் கண்டுகொண்டது அப்பம் பிட்கையில்தான். வகுப்பில் உள்ளத்தைச் சூடாக்கலாம். கண் திறப்பது பீடத்தின் அருகில்.

நடைமுறையிலும் இது தெரிந்துவிடும். கேள்வி பதில்களை எல்லாம் ஒப்பிக்கும் பிள்ளை, எப்போது மண்டியிட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்தில் பார்க்கிறது என்றால், அந்தப் பிள்ளை பூசையைப் பற்றிப் படித்திருக்கிறது, பூசைக்குள் வந்து பழகவில்லை. நற்கருணை பெறும் பிள்ளையிடம் சட்டம் 913 எதிர்பார்ப்பது போதிய அறிவு, கவனமான தயாரிப்பு, பிறகு நம்பிக்கையோடும் பக்தியோடும் ஆண்டவரின் உடலைப் பெறும் தகுதி. இதில் பக்தியைப் பாடம் நடத்தி வரவழைக்க எனக்குத் தெரியாது. அது பூசையில் பங்கெடுத்துப் பங்கெடுத்து வருவது.

எத்தனை பூசை தவறினால் புதுநன்மை தள்ளிப்போகும்?

இப்படி ஒரு எண் திருச்சபைச் சட்டத்தில் எங்கும் இல்லை. "இத்தனைக்கு மேல் தவறினால் அடுத்த ஆண்டுதான்" என்று உங்கள் பங்கில் சொன்னால், அது அந்தப் பங்கு ஒழுங்குக்காக வைத்துக்கொண்ட அளவு.

சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. தகுந்த முறையில் கேட்டு, உரிய மனநிலையோடு இருந்து, சட்டத்தால் தடுக்கப்படாதவர்களுக்கு அருட்சாதனங்களை (நற்கருணை, உறுதிபூசுதல் போன்ற திருச்சடங்குகளை) மறுக்க முடியாது என்கிறது 843. பிள்ளைகளைத் தயாரிப்பது முதலில் பெற்றோரின் கடமை, பிறகு பங்குத்தந்தையின் கடமை. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கூடிய சீக்கிரம் அவர்கள் நற்கருணை பெற வேண்டும். பகுத்தறிவு வராத, அல்லது தயாராகாத பிள்ளைகள் அணுகாதபடி பங்குத்தந்தை கவனிக்க வேண்டும் என்கிறது 914. ஆக, பார்க்க வேண்டியது பிள்ளை தயாராக இருக்கிறதா என்பதை. பூசைக்கு வந்ததற்குக் கையெழுத்து வாங்கும் அட்டையில் நிறைந்த கட்டங்களின் எண்ணிக்கை அதற்கு ஓர் அடையாளம் மட்டுமே.

என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால், அந்தக் குடும்பத்தோடு பேச வேண்டிய நேரம் இரண்டாவது மூன்றாவது ஞாயிறே வந்துவிட்டது. கடைசி மாதம் வரை கணக்கு மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, உடை தைத்து உறவினரை எல்லாம் அழைத்த பிறகு "உன் பிள்ளைக்கு இந்த ஆண்டு இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. தள்ளிவைப்பது சில நேரங்களில் தேவைப்படும், மறுக்கவில்லை. அப்போதும் அது தண்டனையாக ஒலிக்கக் கூடாது. எது குறைகிறது, யார் எப்படி உதவுவது, அடுத்து எப்போது என்ற மூன்றும் அந்தப் பேச்சிலேயே முடிவாக வேண்டும். உங்களுக்கு அப்படிச் சொல்லப்பட்டு, காரணம் புரியவில்லை என்றால், பங்குத்தந்தையை நேரில் சந்தித்துக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பூசை அட்டையில் கையெழுத்து வாங்கும் முறை சரிதானா?

நோக்கம் நல்லது. யார் வரவில்லை என்று தெரிந்தால்தானே விசாரிக்க முடியும்? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, அப்பாவுக்கு வேலை போய்விட்டதா என்பது பல முறை அட்டையில் விழுந்த இடைவெளியால்தான் தெரியவரும்.

கெடுதலும் உண்டு. இறுதி ஆசீர் முடிவதற்குள் பிள்ளைகள் அட்டையோடு ஓடுகிறார்கள். சிலர் நண்பனின் அட்டையையும் சேர்த்து நீட்டுகிறார்கள். பொய் சொல்லப் பழக்கும் இடமாகக் கோவில் வாசல் ஆகிவிடுகிறது. எனக்குப் பிடித்த வழி வேறு. அட்டைக்குப் பதில் சிறு நோட்டு. அன்றைய நற்செய்தியில் பிள்ளை கேட்ட ஒரு வரி, அல்லது ஒரு படம், வீட்டில் வந்து எழுதியோ வரைந்தோ வைத்தால் போதும். அடுத்த வகுப்பில் அதைப் பற்றிப் பேச முடியும். அட்டையைப் பற்றி என்ன பேசுவது?

எங்களுக்கு வேலை. பிள்ளையை மட்டும் வாசலில் இறக்கிவிட்டுப் போகலாமா?

வேலை நேரம் உண்மையிலேயே இடம் கொடுக்காதவர்களை யாரும் குறை சொல்லவில்லை. மருத்துவமனை, காவல், போக்குவரத்து என்று ஞாயிறும் ஓட வேண்டிய வேலைகள் உண்டு. அவர்களுக்குச் சனி மாலைத் திருப்பலி இருக்கிறது. அதுவும் முடியாதபோது தாத்தா பாட்டி, ஞானப்பெற்றோர் (திருமுழுக்கின்போது பிள்ளைக்குப் பொறுப்பேற்றவர்கள்), பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் இவர்களில் ஒருவரோடு பிள்ளையை அனுப்புங்கள். ஞானப்பெற்றோர் என்ற பொறுப்பு பிறந்தநாள் பரிசோடு முடிவதல்ல. இப்படிப்பட்ட நேரத்தில் தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் வேலையே இல்லாமல் வண்டியை வாசலில் நிறுத்தி, பிள்ளையை இறக்கிவிட்டு, கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும் பழக்கம் வேறு. ஞாயிறு கடன் உங்களுக்கும் உண்டு என்பது ஒன்று. இன்னொன்று, பூசை பெரியவர்களுக்குத் தேவையில்லாத, பிள்ளைகள் மட்டும் முடித்துத் தேற வேண்டிய விஷயம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. வளர்ந்ததும் தானும் விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறது. சொல்லாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது மற்ற எவரையும்விட முதலில் பெற்றோரின் கடமை என்று சட்டம் 774 சொல்கிறது. திருமுழுக்கு நாளில், இந்தப் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று குரு கேட்டபோது "உணர்ந்திருக்கிறோம்" என்று சொன்னவர்கள் நீங்கள்தான்.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் கோவிலுக்குப் போனது தனியாக இல்லை. ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த தாயோடும் தந்தையோடும்தான் போனார்.

எங்கள் வீட்டில் ஒருவர் கத்தோலிக்கர் இல்லை. அல்லது இருவருமே பூசையை விட்டுப் பல காலம் ஆகிறது. பிள்ளைக்கு இடம் உண்டா?

கட்டாயம் உண்டு. கலப்புத் திருமணத்தில், பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்குக் கொடுப்பவர் கத்தோலிக்கத் துணை. ஆகவே கூட்டிவரும் பொறுப்பும் அவருக்குத்தான். மற்றவர் விரும்பினால் வந்து உட்காரலாம். அவரை யாரும் விரட்டப் போவதில்லை. பிள்ளைக்காக வந்து அமைதியாகப் பின் வரிசையில் உட்காரும் அப்படிப்பட்ட தந்தையர், தாய்மார் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நீண்ட காலம் விலகியிருந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட இத்தாலியச் சிறுவர் கார்லோ அகுதிஸ் ஏழு வயதில் புதுநன்மை பெற்றவர்; அதன்பின் நாள்தோறும் திருப்பலிக்குப் போனவர். அவருடைய தாய் முன்பு கோவிலுக்குப் பெரிதாகப் போகாதவர். மகனின் கேள்விகள்தான் தன்னை விசுவாசத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளையின் வகுப்பு உங்களுக்கும் திரும்பி வரும் வழியாக இருக்கலாம். பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வது என்றே மறந்துவிட்டது என்றால், குருவிடம் அதையே சொல்லுங்கள். அவர் கைப்பிடித்து நடத்துவார்.

நாங்கள் பிரிந்து வாழ்கிறோம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் பிள்ளை என்னிடம் இருக்கிறது.

உங்களிடம் இருக்கும் வாரங்களில் தவறாமல் கூட்டிவாருங்கள். மற்ற வாரத்தின் பழி பிள்ளை மேல் விழாது, உங்கள் மேலும் விழாது. மற்றவர் வேறு ஊரிலோ வேறு பங்கிலோ இருந்தால் அங்குள்ள கோவிலுக்குப் போனாலும் கடன் நிறைவேறும். இந்த நிலைமையைப் பங்குத்தந்தையிடமும் வகுப்பு எடுப்பவரிடமும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அட்டையைக் காட்டி, "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று எல்லார் முன்னிலும் கேட்டு அந்தப் பிள்ளையைக் கூனிக்குறுக வைப்பது நடக்கவே கூடாத ஒன்று.

சனி மாலைப் பூசை, வேறு கோவில் பூசை, பள்ளிக்கூடத்தில் நடக்கும் பூசை எல்லாம் கணக்கில் வருமா?

திருநாளன்றோ அதற்கு முந்தின நாள் மாலையிலோ, எந்த இடத்தில் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் நடக்கும் திருப்பலியில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறும் என்கிறது சட்டம் 1248. சொந்தப் பங்காக இருக்க வேண்டியதில்லை. மொழி எதுவானாலும் சரி. சனி மாலையில் உறவினர் திருமணத் திருப்பலியில் பங்கேற்றிருந்தாலும் ஞாயிறு கடன் முடிந்தது.

பள்ளியில் வெள்ளிக்கிழமை நடக்கும் பூசை நல்லது, ஆனால் ஞாயிறுக்கு ஈடாகாது.

வேறு கோவிலுக்குப் போனது கடனுக்குப் போதும் என்றாலும், தயாரிப்பு மாதங்களில் கூடியவரை சொந்தப் பங்குக்கே வாருங்கள் என்பது என் வேண்டுகோள். எந்தச் சமூகத்தோடு பிள்ளை நன்மை வாங்கப் போகிறதோ, அவர்கள் முகம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

யூடியூபில் பூசை பார்த்தால்?

2020இல் பெருந்தொற்றின்போது ஆயர்கள் பலர் ஞாயிறு கடனிலிருந்தே விலக்கு அளித்திருந்தார்கள். அந்த நாளில் திரையில் பார்த்துச் செபித்தது ஆறுதலாக இருந்தது. அதனால் திரையில் பார்ப்பதே பூசைக்கு ஈடு என்ற எண்ணம் சில வீடுகளில் தங்கிவிட்டது. அது சரியில்லை. பங்கேற்பது என்றால் அங்கே இருப்பது. நோயாளிகளுக்கும் வெளியே வர முடியாத முதியவர்களுக்கும் ஒளிபரப்பு பெரிய உதவி. அவர்களுக்குக் கடனே இல்லை என்பதால் அது ஈடா இல்லையா என்ற கேள்வியும் எழாது. நன்மை வாங்கத் தயாராகும் பிள்ளைக்குத் திரையில் காட்டி என்ன பயன்? திரையிலிருந்து யாரும் நன்மை கொடுக்க முடியாது.

காய்ச்சல், பயணம், தேர்வு, விளையாட்டுப் போட்டி, இவற்றுக்காகத் தவறலாமா?

நோய், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற கனமான காரணங்கள் இருந்தால் கடன் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2181) சொல்கிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிவந்து மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்ற வைக்க வேண்டாம். நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தையே குறிப்பிட்ட நாளுக்கு விலக்கு அளிக்கவும் முடியும். அதற்குச் சட்டம் 1245 வழி வைத்திருக்கிறது. குரு இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், குடும்பமாகக் கூடி அன்றைய வாசகங்களை வாசித்துச் செபியுங்கள். இதையும் சட்டம் 1248 பரிந்துரைக்கிறது.

தேர்வும் போட்டியும் அப்படி இல்லை. ஞாயிறு காலை போட்டி என்றால் சனி மாலையோ ஞாயிறு மாலையோ வேறு பூசை இருக்கும். முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மறுநாள் தேர்வு என்பதற்காக ஒரு மணி நேரப் பூசையை விட்டால் மதிப்பெண் கூடப்போவதில்லை. கூடாது என்பது இருக்கட்டும். நெருக்கடி வந்தால் முதலில் வெட்ட வேண்டியது கடவுளுக்கான நேரத்தை என்று பிள்ளை பழகிக்கொள்வதுதான் எனக்கு வலிக்கிறது. அதே வாரத்தில் தொலைக்காட்சிக்கு எவ்வளவு நேரம் போனது என்று பிள்ளைக்கே தெரியும்.

எவ்வளவு தாமதமாக வந்தால் பூசை "செல்லும்"?

முன்பு சில ஒழுக்கவியல் நூல்கள் காணிக்கைப் பகுதிக்கு முன் வந்துவிட வேண்டும் என்று கணக்குச் சொன்னதுண்டு. இன்றைய சட்டத்தில் நிமிடக் கணக்கு கிடையாது. இறைவார்த்தை வழிபாடும் நற்கருணை வழிபாடும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே வழிபாடு என்றும், முழுத் திருப்பலியிலும் பங்கேற்க மக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்றும் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. வண்டி பழுதாகித் தாமதமானால் அப்படியே உள்ளே வாருங்கள். வாரம் தவறாமல் மறையுரைக்கு வந்து, நன்மை முடிந்ததும் கிளம்புவது என்றால், பிள்ளை கற்பதும் அதைத்தான்.

வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். "போர் அடிக்குது" என்கிறான். என்ன செய்ய?

முதலில், அவன் சொல்வதை நம்புங்கள். புரியாததை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் சலிக்கும். புரியாதவற்றையே ஆண்டுக்கணக்கில் கோவிலில் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆன்மிகத் தீங்கு வரக்கூடும் என்ற அச்சத்தை 1973ஆம் ஆண்டு வழிகாட்டியே வெளிப்படையாகச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இறைவார்த்தைப் பகுதியைத் தனியே நடத்திவிட்டு, காணிக்கை நேரத்தில் எல்லாரோடும் சேர்க்கலாம் என்று அதில் வழியும் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை பல. சனிக்கிழமை இரவு மறுநாள் நற்செய்தியைக் கதையாகச் சொல்லுங்கள். காலையில் அதையே கோவிலில் கேட்டதும், "எனக்குத் தெரியுமே" என்று பிள்ளை நிமிர்ந்து உட்காரும். குரு அன்று என்ன நிறத்தில் உடை அணிந்தார், ஏன் என்று கேளுங்கள். காணிக்கைப் பையில் போடும் காசை அவன் கையிலேயே கொடுங்கள், முடிந்தால் அவன் சேமிப்பிலிருந்து. ஞாயிறு நாளே அவனுக்குப் பிடித்த நாளாக இருக்கட்டும்: பூசை முடிந்ததும் அவசரமில்லாமல் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது, நண்பர்களோடு கோவில் வளாகத்தில் கொஞ்சம் விளையாட விடுவது. பூசைக்கு வராவிட்டால் அடி என்று மிரட்டிக் கூட்டிவராதீர்கள். அதேசமயம், விருப்பம் இருந்தால் வா என்று முழுவதும் அவனிடமே விட்டுவிடவும் வேண்டாம். பள்ளிக்குப் போவதை அப்படியா விடுகிறோம்? "நம் வீட்டில் எல்லாரும் போகிறோம்" என்ற அமைதியான உறுதி போதும்.

சலிப்புக்கு உடனடி மருந்து கிடையாது. சில மாதங்கள் பிடிக்கும். வீட்டில் பெரியவர்கள் பூசைக்குப் போவதைச் சுமையாகப் பேசாதிருந்தால் சீக்கிரம் மாறும்.

ஆட்டிசம், கவனக்குறைவு போன்ற சிரமங்கள் உள்ள பிள்ளைக்கு?

உடல் அல்லது மனவளர்ச்சிச் சிரமம் உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கு ஏற்ற அளவில் மறைக்கல்வி கிடைக்கும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம் 777. ஆகவே தயங்காமல் கேளுங்கள். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காத பிள்ளைக்கு கூட்டம் குறைந்த காலைப் பூசை உதவும். காதை மூடும் கருவி அணிந்திருந்தாலும் தவறில்லை. முழு நேரமும் உட்கார முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். வெறும் கோவிலில் ஒரு நாள் கூட்டிவந்து பீடம், நற்கருணைப் பேழை எல்லாம் காட்டினால் பயம் குறையும். இந்த அப்பம் மற்றது மாதிரி இல்லை, இது இயேசு என்று அந்தப் பிள்ளை தன் வழியில், ஒரு கைகூப்புதலில் காட்டினாலும், அதைப் பார்க்கத் தெரிந்தவர்களாக நாம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் அட்டையும் வேண்டாம், எழுத்துத் தேர்வும் வேண்டாம்.

பூசைக்கு வராதது பிள்ளைக்குச் சாவான பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?

காரணமின்றி வேண்டுமென்றே ஞாயிறு கடனைத் தவறவிடுவது கனமான பாவம் என்பது திருச்சபையின் போதனை. ஆனால் சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். கூட்டிவர யாரும் இல்லாததால் வீட்டில் இருந்த எட்டு வயதுப் பிள்ளை வேண்டுமென்றே தவறவிடவில்லை. கூட்டிவர வேண்டியவர்கள்தான் தங்கள் மனச்சாட்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கும்போது, "வர முடிந்தும் வேண்டாம் என்று நீயே சொன்ன நாள் உண்டா?" என்றுதான் கேட்க வேண்டும். உண்டு என்றால் அதைச் சொல்லட்டும். அம்மாவின் குற்றத்தைப் பிள்ளை சுமந்துகொண்டு மண்டியிடக் கூடாது.

உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பெரிய பிள்ளை எங்களோடு வர மறுக்கிறாள்.

உறுதிபூசுதலைப் பெறுபவர் தகுந்த போதனை பெற்றவராக, உரிய மனநிலையுடன், திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது சட்டம் 889. அந்த வாக்குறுதிகளை அவளேதான் வாய்திறந்து சொல்லப் போகிறாள். ஆகவே இந்த வயதில் பிடித்து இழுத்துவருவதால் கொஞ்சமே பயன். உங்களோடு உட்காரத்தான் விருப்பமில்லையா, பூசையே வேண்டாம் என்கிறாளா என்று பாருங்கள். முதலாவது என்றால் பாடகர் குழுவிலோ நண்பர்களோடோ உட்காரட்டும், கவலை இல்லை. இரண்டாவது என்றால் உட்கார்ந்து கேளுங்கள். சந்தேகம் இருக்கலாம், யாராவது மனம் நோகப் பேசியிருக்கலாம். ஞானத்தாயோ ஞானத்தந்தையோ பேசினால் நம்மைவிட நன்றாக எடுபடும். அந்தப் பொறுப்புக்குப் பதினாறு வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற, விசுவாசத்தை வாழும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வரலாறு அபித்தினே மறைச்சாட்சிகளுடையது. கி.பி. 304இல், உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தில், வட ஆப்பிரிக்காவில் தடையை மீறி ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காக 49 பேர் பிடிபட்டார்கள். ஏன் கூடினீர்கள் என்று கேட்டபோது, ஞாயிறு வழிபாடு இல்லாமல் எங்களால் முடியாது என்றார் அவர்களில் ஒருவரான எமெரித்துஸ். அவர்களில் இலாரியானுஸ் என்ற சிறுவனும் இருந்தான். சின்னப் பையன், மிரட்டினால் பணிந்துவிடுவான் என்று நினைத்தார்கள். நான் கிறிஸ்தவன், என் சொந்த விருப்பத்தோடுதான் வழிபாட்டுக்கு வந்தேன் என்றான். இதைச் சொல்லும்போது வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். தங்கள் வயதுக்காரன் ஒருவன் இப்படிச் சொன்னான் என்பது அவர்களுக்குள் எதையோ தொடுகிறது.

கடன் திருநாள்களுக்கும் வர வேண்டுமா?

வர வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழா எல்லா இடங்களிலும் கடன் திருநாள். மற்றவற்றில் எவை என்பதை ஒவ்வொரு நாட்டின் ஆயர் பேரவையும் உரோமையின் ஒப்புதலோடு முடிவு செய்திருக்கும். சிலவற்றை ஞாயிறுக்கு மாற்றியிருப்பார்கள். உங்கள் பங்கில் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

புதுநன்மை முடிந்த பிறகு?

அடுத்த ஞாயிறு இரண்டாவது நன்மை. அதைப் பெரிய விஷயமாக்குங்கள். முதல் நன்மையில் பிள்ளையின் கவனம் உடையிலும் மெழுகுதிரியிலும் புகைப்படக்காரரிலும் சிதறியிருக்கும். இரண்டாவதில்தான் அமைதியாக இயேசுவோடு பேச முடியும். நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது என்பதை அன்று காலை நினைவுபடுத்துங்கள். மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப் போங்கள். பீடச்சிறார் குழுவிலோ பாடகர் குழுவிலோ சேர்த்துவிடுங்கள். ஒரு பொறுப்பு கையில் இருந்தால் பிள்ளையே உங்களை எழுப்பிக் கிளப்பும்.

விருந்துக்கு நாள் குறிக்கும்போதே, அதற்கு அடுத்த ஞாயிறு எந்த நேரப் பூசைக்குக் குடும்பமாகப் போகிறோம் என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.